டிடிஎஸ் கோப்பில் மெமரி அளவை எழுதலாமா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனி. சரிவுப் பலகையில் வழுக்கி வரும் ஐஸ் பார்களை எண்ண ஒரு கேமரா, எண்ணிக்கையைக் காட்ட ஒரு திரை, இரண்டையும் ஓட்ட 1 ஜிபி ரேம் உள்ள ஒரு சின்ன லினக்ஸ் போர்டு. புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் எங்கள் பட்டறையில் செய்து கொடுத்தது. உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூத்துவிட்டதால், கையிருப்பில் இருந்த அதே மாதிரி போர்டு ஒன்றை மாட்டி, பழைய எஸ்டி கார்டையே செருகிவிட்டு வந்தோம். மறுநாள் விடியற்காலை 4.30 மணிக்கு முதலாளி போன் செய்தார். "தம்பி, ஸ்க்ரீன் எரியுது, கேமரா படம் வரமாட்டேங்குது. போட்டெல்லாம் ஐஸுக்கு நிக்குது. எத்தன பாரு போச்சுன்னு நான் எங்க எண்ணுவேன்?"

அதே கார்டு, அதே கெர்னல் (ஓஎஸ் எனும் இயங்குதளத்தின் மையப் பகுதி), அதே டிவைஸ் ட்ரீ. டிவைஸ் ட்ரீ என்பது போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று ஓஎஸ்ஸுக்குச் சொல்லும் விவரப் பட்டியல்; நாம் எழுதும் கோப்பு டிடிஎஸ், அதைத் தொகுத்து போர்டுக்குக் கொடுப்பது டிடிபி. ஆனாலும் கேமராவுக்கு மெமரி இல்லை. அன்றைக்கு முதல் பஸ்ஸில் போய் உட்கார்ந்து கண்டுபிடித்ததையும், அதற்கு முன்னும் பின்னும் பட்ட பாட்டையும் அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். கட்டளைகளையும் கெர்னல் செய்திகளையும் ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன்; தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும். இந்தப் போர்டில் லினக்ஸை எடுத்துவிட்டு வேறு ஒரு ஓஎஸ் போட்டாலும், டிடிஎஸ்ஸில் எழுதும் இந்த வரி உண்மையாக இருக்குமா? இருக்கும் என்றால் அது டிவைஸ் ட்ரீயில் இருக்க வேண்டிய வரி. இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். யூ-பூட் (கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர்), ஃப்ரீபிஎஸ்டி, ஸெஃபிர் (வேறு ஓஎஸ்கள்) எல்லாமே டிவைஸ் ட்ரீயை நம்பி ஓடுகிறவைதான். 1994-இல் ஐஈஈஈ 1275 என்று தரமாக வந்த ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து வந்த பழக்கம் இது. லினக்ஸுக்கு மட்டும் சொந்தமான கோப்பு இல்லை.

எங்கள் பக்கத்து விவசாயிக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். புலப்படத்தில் சர்வே எண், எல்லை, பரப்பு இருக்கும். இந்த வருஷம் மல்லாட்டை போட்டீர்களா, கரும்பு போட்டீர்களா என்பது அடங்கலில்தான் ஏறும். புலப்படத்தில் மல்லாட்டை என்று எழுதி வைத்தால் அடுத்த வருஷம் யார் அழிப்பது?

அறிகுறி: திரை எரிகிறது, கேமரா (அல்லது இரண்டாவது திரை) வரவில்லை

டிமெசேஜ் (கெர்னலின் செய்திப் பதிவு) எடுத்து அதில் "சிஎம்ஏ" என்று தேடுங்கள். ஐஸ் கம்பெனியில் எனக்குக் கிடைத்த வரி இது: "சிஎம்ஏ_அலாக்: அலாக் ஃபெயில்டு, ரெக்-சைஸ்: 760 பேஜஸ், ரெட்: -12".

சிஎம்ஏ என்பது ஒரே துண்டாக, இடைவெளி இல்லாமல் மெமரி கேட்கும் கருவிகளுக்காக ஒதுக்கி வைக்கும் இடம். லினக்ஸில் 2012-இல் 3.5 பதிப்போடு வந்தது. கேமராவோ திரையோ கேட்காத நேரத்தில் அந்த இடத்தைச் சாதாரண நிரல்களும் பயன்படுத்திக்கொள்ளும். கருவி கேட்டதும் அவற்றை நகர்த்திவிட்டு இடம் தரும்.

760 என்ற எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள், அதுவே யார் கேட்டார்கள் என்று சொல்லிவிடும். 1920 × 1080 படத்தில் புள்ளிக்கு ஒன்றரை பைட் வீதம் கேமரா எடுத்தால் 31,10,400 பைட். ஒரு பக்கம் (கெர்னல் மெமரியைப் பிரிக்கும் அலகு) 4096 பைட் என்றால் 759.375, அதாவது 760 பக்கம். ஆகவே கேட்டது கேமரா. அதே வரியில் 2025 என்று இருந்திருந்தால் கேட்டது திரை: புள்ளிக்கு 4 பைட், மொத்தம் 82,94,400 பைட், சரியாக 2025 பக்கம், மிச்சமே இல்லை. இந்த இரண்டு எண்ணையும் நான் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ரெட் -12 என்றால் இடமே இல்லை. -16 வேறு கதை, கீழே வருகிறது.

அடுத்து /ப்ராக்/மெம்இன்ஃபோ. அங்கே சிஎம்ஏடோட்டல் 16384 கேபி, சிஎம்ஏஃப்ரீ 184 கேபி. கணக்கு போட்டால் கண் முன்னே தெரிகிறது. 16 எம்பி என்றால் 4096 பக்கம். திரை இரண்டு ஃப்ரேம் (ஒரு முழுப் படத்துக்கான இடம்) எடுத்துக்கொண்டது, 4050 பக்கம். மீதி 46 பக்கம், 184 கேபி. அதில் 760 எங்கே போகும்? அந்த 46-ம் ஒரே இடத்தில் இல்லை. பெரிய ஒதுக்கீடுகள் வழக்கமாக 256 பக்க எல்லையில்தான் தொடங்கும் என்பதால் இரண்டு ஃப்ரேமுக்குப் பின்னாலும் 23, 23 ஆகச் சிதறிக் கிடக்கிறது.

எவ்வளவு வேண்டும் என்று கண்டுபிடிப்பதும் இதே கணக்குதான். திரைக்கு மூன்று ஃப்ரேம், எல்லைக்கு ஒழுங்குபடுத்தினால் தலா 2048. கேமராவுக்கு ஆறு, தலா 768. மொத்தம் 10,752 பக்கம், 42 எம்பி. 64 எம்பி வைத்தால் தாராளம். "எதற்கும் இருக்கட்டும்" என்று 512 வைப்பவர்களுக்கு நான்காவது அறிகுறி காத்திருக்கிறது.

அறிகுறி: டிடிஎஸ்ஸில் மாற்றினேன், எண் மாறவில்லை

எங்கள் டிடிஎஸ்ஸில் 64 எம்பி என்றுதான் எழுதியிருந்தேன். ஓடியது 16. எழுதிய இடம் ஒன்று, வென்ற இடம் வேறு. சிஎம்ஏ அளவை மூன்று இடத்தில் சொல்லலாம்: கெர்னல் கட்டும்போது கான்ஃபிக்கில், டிவைஸ் ட்ரீயில் ரிசர்வ்டு-மெமரி நோடுக்குள் (நோடு என்பது ட்ரீயின் ஒரு கிளை), பூட்லோடர் கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில் "சிஎம்ஏ=" என்று. இப்போதைய கெர்னல்களில் கட்டளை வரிக்குத்தான் முதல் மரியாதை, அப்புறம் டிவைஸ் ட்ரீ, கடைசியில் கான்ஃபிக்.

பார்க்கும் வரிசை இதுதான். முதலில் /ப்ராக்/சிஎம்டிலைன். அதில் "சிஎம்ஏ=" இருந்தால் வேலை பாதி முடிந்தது. டிமெசேஜில் "ரிசர்வ்டு மெமரி: பைபாஸ்" என்று தொடங்கி "யூசிங் சிஎம்டிலைன் சிஎம்ஏ பாராம்ஸ் இன்ஸ்டெட்" என்று முடியும் வரி இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் நோடைத் தாண்டிப் போய்விட்டேன் என்று கெர்னலே ஒப்புக்கொள்ளும் இடம் அது. பிறகு ஓடிக்கொண்டிருக்கும் ட்ரீயையே வெளியே எடுங்கள்: டிடிசி நிரலுக்கு உள்ளீட்டு வகை எஃப்எஸ் என்றும், பாதை /ப்ராக்/டிவைஸ்-ட்ரீ என்றும் கொடுத்தால் கெர்னல் கையில் இப்போது இருக்கும் ட்ரீ எழுத்து வடிவில் வந்துவிடும். உங்கள் கணினியில் இருக்கும் டிடிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். போர்டு படிப்பது அந்தக் கோப்பையே அல்லாமல் போகலாம்.

கையிருப்பு போர்டின் ஃபிளாஷில், விற்றவர் போட்டு அனுப்பிய யூ-பூட் என்விரான்மென்ட் (யூ-பூட் சேமித்து வைக்கும் அமைப்புகள்) அப்படியே இருந்தது. அதில் பூட்ஆர்க்ஸ், அதாவது கெர்னலுக்குப் போகும் கட்டளை வரியின் கடைசியில் "சிஎம்ஏ=16எம்". பழைய போர்டில் அதை நாங்கள் எப்போதோ அழித்திருக்கிறோம், எழுதி வைக்கவில்லை. தப்பு எங்களுடையதுதான்.

யூ-பூட்டைப் பற்றி இன்னும் ஒன்று. பூட் ஆகும்போது அது டிவைஸ் ட்ரீயில் முக்கியமாக இரண்டு இடத்தைத் தானே திருத்தும். பூட்ஆர்க்ஸ் இருந்தால் சோஸன் நோடில் அதை எழுதும். ஆர்ம் போர்டுகளில் தான் கண்டுபிடித்த ரேம் அளவை மெமரி நோடில் எழுதும். ஆகவே மெமரி நோடில் 1 ஜிபியை 2 ஜிபி என்று மாற்றிவிட்டு "ஒன்றும் நடக்கவில்லையே" என்று கேட்டுப் பயனில்லை. சோஸன் நோடு எந்தக் கருவியையும் குறிப்பதில்லை, ஃபர்ம்வேர் ஓஎஸ்ஸுக்குச் சொல்லும் சேதிகளுக்கான பெட்டி அது என்று டிவைஸ் ட்ரீ விதியே சொல்கிறது. வன்பொருள் கோப்புக்குள்ளேயே ஓஎஸ்ஸுக்கு ஒரு தனித் திண்ணை கட்டி வைத்திருக்கிறார்கள்.

திருத்தம்: 64 எம்பியைக் கார்டில் இருக்கும் எக்ஸ்ட்லினக்ஸ் (யூ-பூட் படிக்கும் பூட் அமைப்பு) கோப்பின் அப்பெண்ட் வரியில் போட்டேன். அப்படிப் பூட் செய்தால் அந்த வரியே பூட்ஆர்க்ஸாகிறது, ஃபிளாஷில் யார் என்ன எழுதியிருந்தாலும் கவலை இல்லை. போர்டு மாறினாலும் கார்டோடு அளவும் வந்துவிடும். மணி 7 ஆனபோது எண்ணிக்கை ஓடியது. முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார், பழைய பாக்கியைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அறிகுறி: 1 ஜிபி போர்டு, ஃப்ரீ கட்டளை அதற்கும் குறைவாகக் காட்டுகிறது

பெரும்பாலும் பிழை இல்லை. 64-பிட் கெர்னல் ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 பைட் கணக்குச் சீட்டு வைப்பதால் 1 ஜிபிக்கு அதுவே 16 எம்பி. கெர்னல் தானும் கொஞ்சம் உட்காரும். சிஎம்ஏ இந்தக் கழிவில் சேராது, மெம்டோட்டலுக்குள்ளேயே இருக்கும். நூறு, இருநூறு எம்பி காணோம் என்றால் மட்டும் ரிசர்வ்டு-மெமரிக்குள் "நோ-மேப்" (கெர்னல் தொடக் கூடாத இடம் என்னும் குறி) போட்ட நோடுகளையும், கிராஃபிக்ஸுக்காக ஃபர்ம்வேர் முன்கூட்டியே எடுத்த இடத்தையும் /ப்ராக்/ஐஓமெம்மில் பாருங்கள்.

அறிகுறி: ஃப்ரீயில் இடம் காட்டுகிறது, ஆனாலும் ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் நிரலை நிறுத்தும் கெர்னல் பகுதி) வந்து நிரலைக் கொல்கிறது

512 எம்பி போர்டில் யாரோ சிஎம்ஏவுக்கு 256 எம்பி கொடுத்திருப்பார்கள். ஓஓஎம் அறிக்கையில் "ஃப்ரீ_சிஎம்ஏ" என்ற எண்ணைப் பாருங்கள். காலியாக இருப்பதாகத் தெரியும் இடம் எல்லாம் அங்கேயே அடைந்து கிடக்கும். சிஎம்ஏ பகுதியில் நகர்த்தக்கூடிய பக்கங்களுக்குத்தான் இடம். நெட்வொர்க் பஃபர், ஸ்லாப் போன்ற கெர்னலின் சொந்தத் தேவைகளை நகர்த்த முடியாது, ஆகவே அவை அங்கே போக முடியாது. வீட்டில் விருந்தினர் அறை காலியாக இருக்க, குடும்பமே கூடத்தில் நெருக்கிப் படுத்த கதை.

இந்த அறிகுறியைப் பார்த்த பிறகுதான் அளவு ஏன் வன்பொருள் கோப்பில் இருக்கக் கூடாது என்று எனக்கு உறைத்தது. அதே போர்டு, அதே டிடிபி. ஒருவர் திரை இல்லாமல் வெறும் சென்சார் கேட்வேயாக வைக்கிறார். அவருக்கு 256 எம்பி தண்டம். இன்னொருவர் இரண்டு கேமரா மாட்டுகிறார். அவருக்கு அது போதாது. போர்டில் ஒரு சில்லு கூட மாறவில்லை, வேலைதான் மாறியது.

எங்கள் பட்டறையில் இதற்கு எதிர்ப்பு உண்டு. "அண்ணே, நம்ம போர்டோட திரையும் சேர்ந்தே போகுது. அப்ப அளவும் ஹார்டுவேர்தானே?" என்பான் கூட வேலை பார்க்கும் தம்பி. அவன் சொல்வதில் பாதி நியாயம். பிரித்தெடுக்க முடியாத திரையோடு வரும் சாமானுக்கு, பெட்டியைத் திறந்ததும் படம் தெரிய ஒரு குறைந்தபட்ச அளவை ட்ரீயில் வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை. கெர்னலோடு வரும் டிடிஎஸ் கோப்புகளிலும் அப்படி உண்டு. ராஸ்பெர்ரி பையின் கோப்பில் 64 எம்பி என்று இருக்கிறது. ஆனால் அந்த நோடை இயல்புச் சிஎம்ஏவாக அறிவிக்கும் பண்பின் பெயர் "லினக்ஸ்,சிஎம்ஏ-டிஃபால்ட்". உற்பத்தியாளர் பெயர் வரவேண்டிய முன்னொட்டில் லினக்ஸ் என்று வருகிறது பாருங்கள். இது ஓஎஸ் சமாசாரம் என்று பெயரே காட்டிக்கொடுக்கிறது.

அறிகுறி: சிஎம்ஏவைக் கூட்டியதும், இதுவரை ஓடிய வேறு கருவி செத்துவிட்டது

நான் அதிக நேரம் இழந்த இடம் இது. எல்லாக் கருவிக்கும் ரேம் முழுக்க எட்டாது. ராஸ்பெர்ரி பை 4-இல் சில கருவிகளின் டிஎம்ஏவுக்கு (செயலி இல்லாமல் கருவி தானே மெமரியை எட்டும் வழி) முதல் 1 ஜிபிதான் எட்டும், போர்டில் 8 ஜிபி இருந்தாலும் சரி. அதனால்தான் அதன் கோப்பில் சிஎம்ஏ நோடுக்கு "அலாக்-ரேஞ்சஸ்" என்று முதல் 1 ஜிபிக்குள் எல்லை போட்டு, ஏன் என்ற காரணத்தையும் குறிப்பாக எழுதியிருக்கிறார்கள்.

எல்லை என்பது வன்பொருள் உண்மை. அளவு என்பது நம் விருப்பம். இரண்டையும் ஒரே நோடில் கட்டிப் போட்டதுதான் வம்பு. கட்டளை வரியில் "சிஎம்ஏ=256எம்" என்று எழுதினால், கெர்னல் நோடையே தாண்டிப் போகிறது; அளவோடு சேர்ந்து எல்லையும் காற்றில் போகிறது. டிஎம்ஏ எட்டும் தூரம் கெர்னலுக்கு வேறு வழியில் தெரிந்திருந்தால் தப்பித்தீர்கள். தெரியாவிட்டால் புது இடம் மேலே எங்கோ அமையும். கருவி அங்கே எட்டாமல் தவிக்கும்.

இரண்டு திருத்தம் உண்டு. உடனடிக்கு, எல்லையையும் கட்டளை வரியிலேயே சொல்லுங்கள்: "சிஎம்ஏ=256எம்@0-1ஜி". நிரந்தரத்துக்கு, அந்தக் கருவி உட்கார்ந்திருக்கும் பஸ் நோடில் "டிஎம்ஏ-ரேஞ்சஸ்" சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எட்டும் தூரத்தை எழுத வேண்டிய இடம் அதுதான், எந்த ஓஎஸ் வந்தாலும் படித்துக்கொள்ளும். ஒரு கருவிக்கு மட்டும் தனிக் குளம் வேண்டும் என்றால் கட்டளை வரியால் முடியாது. அப்போது ரிசர்வ்டு-மெமரியில் தனி நோடு போட்டு, கருவியின் நோடிலிருந்து "மெமரி-ரீஜன்" மூலம் காட்டத்தான் வேண்டும். அங்கே அளவும் ட்ரீக்குள் வந்துவிடுகிறது. எனக்குப் பிடிக்காது, ஆனாலும் செய்கிறேன்.

அறிகுறி: பூட் ஆனதும் ஓடுகிறது, இரண்டு நாளில் நின்றுவிடுகிறது, ரெட் -16

இடம் இருக்கிறது, ஆனால் அதில் உட்கார்ந்திருக்கும் பக்கங்களை எழுப்ப முடியவில்லை. யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். அளவைக் கூட்டினால் நாள் தள்ளிப்போகும், தீராது. கேமரா நிரல் படத்துக்குப் படம் பஃபரைக் கேட்டுத் திருப்பிக் கொடுக்கிறதா என்று பாருங்கள். தொடக்கத்திலேயே ஆறு பஃபர் வாங்கிக் கடைசி வரை கையில் வைத்துக்கொள்ளும்படி மாற்றினால் எங்களுக்குச் சரியானது. டிராப்-கேச்சஸ் (கோப்புகளுக்காகப் பிடித்து வைத்த மெமரியைக் காலி செய்யும் கட்டளை) தட்டினால் ஓடுகிறது என்றால் நோய் இதுதான் என்று தெரியும். அதைக் கிரானில் (நேரம் வைத்து நிரல் ஓட்டும் வசதி) போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்.

அறிகுறி: குறைந்த ரேம் உள்ள போர்டில் ஒரு எழுத்துகூட வராமல் நிற்கிறது, அல்லது ரிசர்வ் செய்ய முடியவில்லை என்கிறது

1 ஜிபிக்கு எழுதிய டிடிபியை 512 எம்பி போர்டில் போட்டிருப்பீர்கள். மெமரி நோடைத் திருத்தாத பூட்லோடர் என்றால், கெர்னல் இல்லாத ரேமைத் தொட்டுவிட்டு ஊமையாக நிற்கும். இயர்லிகான் (பூட்டின் தொடக்கத்திலேயே செய்தி காட்டும் வசதி) போட்டால்தான் வாய் திறக்கும். பூட்லோடர் திருத்துகிறது என்றால் "ஃபெயில்டு டு ரிசர்வ் மெமரி ஃபார் நோட்" என்று வரும், காரணம் அந்த நோடில் நிலையான முகவரி எழுதியிருக்கும், அது 512-க்கு மேலே இருக்கும். ஃபர்ம்வேரோ துணைச் செயலியோ அந்த முகவரியில்தான் உட்காரும் என்றால் ஒழிய, "ரெக்" எடுத்துவிட்டு "சைஸ்" மட்டும் கொடுங்கள், இடத்தைக் கெர்னல் தேடிக்கொள்ளட்டும்.

அறிகுறி: காரணமே இல்லாமல், நாளுக்கு ஒரு விதமாக விழுகிறது

ஆப்-டீ போன்ற பாதுகாப்பு மென்பொருளோ துணைச் செயலியோ இருக்கும் போர்டா? அவற்றின் இடம் ரிசர்வ்டு-மெமரியில் இருக்கிறதா, "நோ-மேப்" இருக்கிறதா என்று பாருங்கள். நோடே இல்லாவிட்டால் லினக்ஸ் அந்த இடத்தை யாருக்காவது கொடுத்துவிடும், துணைச் செயலி அதன் மேல் எழுதிவிடும். நோடு இருந்து "நோ-மேப்" இல்லாவிட்டால், யாரும் கேட்காமலே செயலி ஊகத்தில் அங்கே எட்டிப் பார்த்து, பாதுகாப்புச் சுவரில் மோதும். "ரீயூசபிள்" (மற்ற நிரல்களும் பயன்படுத்தலாம்) என்பதையும் "நோ-மேப்" என்பதையும் ஒரே நோடில் போட்டிருந்தால் அது தப்பு, இரண்டும் சேராது. இந்த வகை நோடை டிடிஎஸ்ஸில் எழுத எந்தத் தயக்கமும் வேண்டாம். வேறு ஓஎஸ் வந்தாலும் அந்த இடம் அடுத்தவருடையதுதான்.

அறிகுறி: ஸ்வாப்பினெஸ், ஹியூஜ்பேஜ் போன்ற மெமரி அமைப்புகளை எல்லாம் டிடிஎஸ்ஸில் போட்டேன், வேலை செய்யவில்லை

செய்யாது. ஸ்வாப்பினெஸ்ஸும் ஸிராமும் ஓடும் நேரத்துச் சமாசாரம், சிஸ்கன்ட்ரோல் கோப்பிலும் தொடக்க ஸ்கிரிப்டிலும் போடுங்கள். "ஹியூஜ்பேஜஸ்=" கட்டளை வரிக்கு உரியது. சோஸன் நோடின் பூட்ஆர்க்ஸுக்குள் எழுதி வைத்தால் மேசையில் ஓடும்; யூ-பூட்டில் யாராவது பூட்ஆர்க்ஸ் வைத்த அன்று சத்தமில்லாமல் அழிந்துவிடும். ஐஸ் கம்பெனிக்குப் போன கையிருப்பு போர்டின் என்விரான்மென்டை மொத்தமாக அழித்துவிட்டேன். அலமாரியில் இன்னும் மூன்று இருக்கின்றன, அவற்றின் பெட்டி மேல் "என்வி பார்க்கவும்" என்று மார்க்கரில் எழுதியிருக்கிறது.